மை குடிக்கும் மண்

கொல்கத்தாவின் ஜோராசாங்கோவுக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வருவது 6-ஆம் எண் வீட்டை. துவாரகாநாத் தாகூர் சந்தில் உள்ள அந்தச் செங்கல் நிறப் பெருவீட்டில்தான் ரவீந்திரநாத் தாகூர் பிறந்தார். 1941-ல் இறந்ததும் அங்கேதான். டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அறை அறையாக நடந்தால் ஜப்பானுக்கு ஒரு காட்சிக்கூடம், சீனாவுக்கு ஒரு காட்சிக்கூடம் என்று கவிஞரின் பயணங்கள் வரிசையாக வரும். அடுத்திருந்த 5-ஆம் எண் வீட்டைத் தேடுகிறவர்கள் குறைவு. தேடினாலும் கிடைக்காது, கைமாறி, இடிபட்டு, அந்த இடத்தில் இப்போது ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் கட்டடம் நிற்கிறது.

சீன மை ஓவியம் இந்தியாவுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், இல்லாத அந்த வீட்டின் தெற்குத் தாழ்வாரத்திலிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும். ககனேந்திரநாத், சமரேந்திரநாத், அவனீந்திரநாத் என்ற மூன்று சகோதரர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதும் வரைவதும் வந்தவர்களோடு அரட்டை அடிப்பதுமாக இருந்தார்கள். ரவீந்திரநாத்துக்கு அண்ணன் முறை ஆகிறவரின் பிள்ளைகள் அவர்கள்.

1902-ல் ஒகாகுரா ககுசோ என்ற ஜப்பானியக் கலை அறிஞர் கல்கத்தா வந்தார். விவேகானந்தரைச் சந்தித்தார், சுரேந்திரநாத் தாகூரின் வீட்டில் தங்கினார், ஆசியா முழுவதற்கும் பொதுவான கலைமனம் ஒன்று உண்டு என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய கீழைக் கலை பற்றிய நூலுக்குச் சகோதரி நிவேதிதா முன்னுரை எழுதினார். 1903-ல் அது லண்டனில் அச்சானது. ஊர் திரும்பிய ஒகாகுரா தன் ஆட்கள் இருவரை அதே 1903-ல் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். ஒருவர் யோகோயாமா தைக்கான், இன்னொருவர் ஹிஷிதா ஷுன்சோ. இருவரும் சொந்த ஊரில் அப்போது நல்ல பெயர் எடுத்தவர்கள் என்று சொல்ல முடியாது. உருவத்தைச் சுற்றி ஓடும் கோட்டை எடுத்துவிட்டு, நிறத்தைப் புகைபோலக் கரைத்து வரைந்ததற்காக அவர்களுடைய பாணியை ஜப்பானிய விமர்சகர்கள் மங்கல் பாணி என்று கேலி செய்தார்கள். கேலிக்கு ஆளான அந்தப் பாணிதான் வங்காளத்துக்குக் கப்பலேறியது.

தைக்கான் வரையும்போது அவனீந்திரநாத் பக்கத்தில் இருந்து பார்ப்பார். அகலமான தூரிகையைத் தண்ணீரில் நனைத்துப் படத்தின் மேல் தைக்கான் மெல்ல நீவுவார். நிறம் ஈரத்தில் இளகும். இதைப் பார்த்த அவனீந்திரநாத்துக்கு ஒரு யோசனை. தூரிகையால் நனைப்பானேன், படத்தையே தண்ணீருக்குள் முக்கினால் என்ன? முக்கினார். ஒட்டாத நிறம் தண்ணீரோடு போயிற்று, தாளுக்குள் இறங்கியது மிஞ்சியது. காயவைத்து மேலே இன்னொரு நிறம், மறுபடி தண்ணீர், மறுபடி காய்ச்சல். 'வாஷ்' என்று கலைப் பள்ளிகளில் இன்றும் பேர் சொல்லப்படும் முறை இப்படி உண்டானது. 1905-ல் அவர் வரைந்த பாரத மாதா இந்த முறையில் வந்தது. காவி உடுத்த நாலு கைக்காரி. கைகளில் நெற்கதிர், சுவடி, வெள்ளைத் துணி, ஜபமாலை. பின்னணி முழுக்க மஞ்சளும் செம்மையும் கலந்த ஒரு மூட்டம். ரவீந்திர பாரதி சொசைட்டியின் சேகரிப்பில் இருந்த அந்தப் படம் இப்போது விக்டோரியா நினைவு மண்டபத்தின் பொறுப்பில் இருக்கிறது. காகித ஓவியங்களை எப்போதும் வெளிச்சத்தில் வைக்கமாட்டார்கள். ஆகவே போகிற அன்று அது சுவரில் இருக்குமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

கலை வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்தில் கிழக்காசியத் தூரிகை இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள முடியாது. வந்தது ஈரம், தூரிகை வரவில்லை. சீன மை ஓவியத்தின் உயிர்நிலை அது எந்தத் தரைமேல் விழுகிறது என்பதில் இருக்கிறது. அன்ஹுய் மாகாணத்தில் ஜிங் வட்டாரத்தில் ஒரு மரப்பட்டை நாரையும் வைக்கோலையும் கூழாக்கிச் செய்யும் ஷுவான் தாளைப் படிகாரம் பூசாமல் பச்சையாக எடுத்துக்கொண்டால், தொட்ட மாத்திரத்தில் மையைக் குடித்துவிடும். தூரிகை ஒரு கணம் தயங்கினால் அங்கே குளம் கட்டும். வேகமாக ஓடினால் கோட்டுக்குள் வெள்ளை வெளிவரும். அழிக்க முடியாது, தேய்க்க முடியாது. வங்காள வாஷ் ஓவியர்கள் கையில் எடுத்ததோ பசையேற்றிய கெட்டியான ஐரோப்பியத் தாள். அது பத்து முறை முக்கினாலும் தாங்கும். ஒரே இழுப்பில் முடிகிற கலைக்கும், முக்கி முக்கிக் கனியவைக்கிற கலைக்கும் கை வேறு, பொறுமை வேறு, பயமும் வேறு. தாகூர் குடும்பத்தில் முதல் வகைக் கை யாருக்கு இருந்தது என்றால் ககனேந்திரநாத்துக்குத்தான். அவர் கருப்பு மையில் வரைந்த காக்கைகளையும், 1912-ல் புத்தகமாக வந்த ரவீந்திரநாத்தின் 'ஜீவன்ஸ்ம்ருதி'க்குப் போட்டுக்கொடுத்த படங்களையும் பார்த்தால் தெரியும்.

தாகமுள்ள தரை என்றால் தாள் மட்டும்தானா? சீனர்களுக்கு இன்னொன்றும் உண்டு: சுடாத பீங்கான் மண்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சீன மை என்பது பைன் மரப் புகைக்கரியைத் தோல், எலும்புப் பசையில் குழைத்து, அச்சில் இட்டுக் காயவைத்த கட்டி. கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தால் மை. சாரம் முழுவதும் கரி. கரியைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும்? எரிந்து போகும். சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெஜெனில் இருந்த தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சு பாதிரியார் 1722-ல் எழுதிய கடிதத்தில் இதே சங்கதியைச் சொல்கிறார்: நல்ல மையைக் கொண்டு பீங்கானில் வரைந்து பார்த்தார்கள், சூளையிலிருந்து எடுத்தபோது பாத்திரம் வெள்ளையாக இருந்தது. ஆக, மை ஓவியத்தை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் மையை விட்டுவிட்டு அதன் நடத்தையை மட்டும் கொண்டுபோக வேண்டும். தீயில் அழியாத ஒன்று, தண்ணீரில் மைபோலக் கரைந்து ஓட வேண்டும். கோபால்ட் தாதுவை நாள்கணக்கில் அரைத்தால் அது கிடைக்கிறது. இரும்பு, மாங்கனீசு தாதுக்களிலும் கிடைக்கிறது. அவை கருப்பும் பழுப்பும் தரும்.

நீல வெள்ளைப் பீங்கான் எழுதும் முறையைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். சக்கரத்தில் வனைந்து, காயவைத்து, சீவி மெலிதாக்கிய பாத்திரம். இன்னும் சூளை பார்க்கவில்லை. அழுத்திப் பிடித்தால் உடைந்துவிடும். எழுதுகிறவர் கோபால்ட் பொடியை அடர்த்தியான தேநீர் விட்டுக் குழைத்து, மெல்லிய தூரிகையால் முதலில் உருவக் கோட்டைப் போடுகிறார். அடுத்து வருவதுதான் கடினமான வேலை. 'ஃபென்ஷுய்' என்று ஜிங்தெஜென்காரர்கள் சொல்கிற அந்த முறையில் தூரிகை தடியானது. வயிறு முழுக்கத் தண்ணீர் பிடிக்கும், நுனி கூராக முடியும். ஒரே நிறத்தை ஐந்து கிண்ணங்களில் அடர்த்தி குறைத்துக் குறைத்துக் கரைத்து வைத்திருப்பார்கள். மை ஓவியர்கள் மைக்கு ஐந்து நிறம் என்று கணக்கு வைத்திருப்பதற்கு இது நேர் இணை. தூரிகையின் நுனி மண்ணைத் தொடக் கூடாது. நுனிக்கும் மண்ணுக்கும் நடுவே நிற்கும் நீர்த்துளியை மட்டும் கோட்டுக்குள் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். துளி போகிற வழியில் மண் நிறத்தைக் குடித்துக்கொள்ளும். மிஞ்சிய நீரைத் தூரிகை திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். துளி எங்காவது நின்றால் அங்கே கருநீலத் திட்டு. தண்ணீர் அதிகமானால் மண்ணே கரையும்.

இத்தனைக்கும் எழுதும்போது நீலம் கண்ணுக்குத் தெரியாது. சாம்பலும் கருப்புமாகத்தான் இருக்கும். மாக்கோலம் போடும்போது தரையில் ஈரத் தடம் மட்டும் தெரிந்து, காய்ந்த பிறகு வெள்ளை எழும்பி வருவதைப் போல, மேலே கண்ணாடிப் பூச்சு இட்டு 1,300 டிகிரி அளவில் சுட்ட பிறகே நீலம் வெளிப்படும். காங்ஷி பேரரசர் காலத்தில் (1662 - 1722) இந்த வேலை உச்சத்துக்குப் போனது. மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மூடுபனி என்று ஒரே நீலத்தில் ஏழெட்டுத் தூரங்களைக் காட்டிய பாத்திரங்கள் அந்தக் காலத்தவை.

அரண்மனைச் சூளைகளின் நுட்பத்தைப் புகழ்ந்துவிட்டு நாட்டுப்புறச் சூளைகளை மறந்துவிடுவது வழக்கம். உண்மையில் தூரிகை மண்ணோடு முதலில் பழகியது அங்கேதான். தாங் காலத்தில் சாங்ஷா சூளைக்காரர்கள் கிண்ணத்துக்குள் நாலு இழுப்பில் ஒரு பறவை, ஒரு மேகம் எழுதி ஏற்றுமதி செய்தார்கள். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998-ல் கண்டெடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலில் இருந்த சுமார் 60,000 பொருள்களில் பெரும்பாலானவை அந்தச் சாங்ஷா சரக்குதான். சிங்கப்பூர் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் அவற்றை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்து சுங் காலத்தில் வடசீனத்தின் சிஸோ சூளைகள். வெள்ளைக் களிமண் பூச்சின்மேல் இரும்புக் கருப்பில் விறுவிறுவென்று எழுதிய பூவும் புல்லும். எழுதியவர் பேர் தெரியாது. அந்தக் கையின் துணிச்சல் பல அரண்மனை ஓவியர்களுக்கு வராது.

பேர் போடுகிற பழக்கம் பின்னால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செங் மென் போன்றவர்கள் பட்டுச் சுருளில் நிலக்காட்சி வரைவதைப் போலவே பீங்கானில் வரைந்து, ஓரத்தில் தேதியும் பாடலும் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். கருப்புக் கோடு, மேலே இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும். யுவான் கால ஓவியர் ஹுவாங் கோங்வாங்கின் இளஞ்செம்மை நிலக்காட்சிகளை முன்மாதிரியாக வைத்து உண்டான பாணி. பேரும் அப்படியே 'சியான்ஜியாங்'. குடம் வனைகிற ஊரில் குடத்தின்மேல் எழுதுகிறவர் ஓவியர் என்ற மரியாதையைக் கேட்டு வாங்கிக்கொண்டது அப்போதுதான்.

வங்காளத்துக்கும் இந்தச் சரக்குக்கும் உறவு ரொம்பப் பழையது. 1414-ல் வங்காள சுல்தான் யோங்லே பேரரசருக்கு ஒட்டகச்சிவிங்கி ஒன்றை அனுப்பிவைத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வங்காளம் வந்து அங்கிருந்து சீனம் போன அந்த விலங்கைச் சீன அரசவை மங்கல மிருகமாகக் கொண்டாடியது. அதைப் படமாக எழுதி, மேலே ஷென் து என்ற புகழ்பெற்ற எழுத்துக்கலைஞர் வாழ்த்து எழுதினார். கப்பல் போகிற வழியில் நம் கரையும் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-ல் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஈடுபட்ட அகழாய்வில் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் நிறையக் கிடைத்தன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பற்படை இலங்கையின் காலியில் விட்டுப்போன கல்வெட்டில் சீனமும் பாரசீகமும் தமிழும் இருப்பது பலரும் அறிந்ததே.

இவ்வளவு பழக்கம் இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஒரு வேடிக்கை நடந்தது. தைக்கான் ஜோராசாங்கோவில் தூரிகையை நனைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சத்யசுந்தர் தேவ் என்ற வங்காள இளைஞர் பீங்கான் தொழில் கற்க ஜப்பானுக்குப் போனார். திரும்பி வந்து, காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தி போன்றோர் ஆதரித்த கல்கத்தா பாட்டரி ஒர்க்ஸை நடத்தினார். ராஜ்மஹால் மலைப்பக்கத்து வெண்களிமண்ணிலிருந்து சுதேசிக் கோப்பைகள் வெளிவந்தன. பிற்காலத்தில் பெங்கால் பாட்டரீஸ் என்று வளர்ந்தது இந்த மரபுதான். ஒரு கப்பலில் தூரிகையின் ஈரம் வந்தது, இன்னொரு கப்பலில் சூளை வந்தது. இரண்டும் ஒரே நாட்டிலிருந்து ஒரே ஊருக்கு. இரண்டும் சுதேசி. ஆனால் ஓவியர் தாழ்வாரத்திலும் பீங்கான்காரர் பேலியகட்டாப் பக்கத்துத் தொழிற்சாலையிலுமாக, ஒருவரை ஒருவர் பார்க்காமலே இருந்துவிட்டார்கள். ஓவியம் ஆன்மிகம், பீங்கான் வியாபாரம் என்று பிரித்துவைத்த பத்ரலோக் என்ற படித்த மேல்தட்டு மனத்துக்கு இதில் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது. பின்னால் 1941-ல் பேலியகட்டாவில் பீங்கான் தொழிற்கல்விக்கு ஒரு கல்லூரி, 1950-ல் ஜாதவ்பூரில் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் என்று நகரம் மண் விஞ்ஞானத்தின் தலைநகரமே ஆயிற்று. அங்கே பேசப்பட்டது வெப்பநிலையும் வேதியியலும். தூரிகையைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

நகரத்தின் சீனர் தெருவிலாவது தூரிகை மண்ணைச் சந்திக்கிறதா என்று பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பொத்தார் கோர்ட் பக்கம் போனால், பழைய சீனர் குடியிருப்பான டிரெட்டா பஜாரில் ஆவி பறக்க மீன் உருண்டை சூப்பும் பாவ் ரொட்டியும் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் போகிறவருக்குக் காலிப் பாத்திரம்தான் மிச்சம். சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நாலு எட்டு நடந்தால் சாத்தாவாலா சந்தில் சீ யிப் கோயில், பிளாக்பர்ன் சந்தில் தூங் ஆன் கோயில். இவற்றைச் 'சர்ச்' என்றுதான் ஊர் சொல்கிறது. தூங் ஆன் கோயிலின் கீழ்த்தளத்தில்தான் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நான்கிங் உணவகம் இருந்தது. கோயிலுக்குள் உத்தரத்திலும் தூணிலும் தொங்கும் பலகைகளை நின்று பார்க்க வேண்டும். மரத்தில் செதுக்கிப் பொன் பூசிய எழுத்துகள். தச்சருடைய உளி, எழுதியவருடைய தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே தூக்கியது, முடிவில் எப்படிக் கொக்கி போட்டுத் திரும்பியது என்று ஒன்றையும் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறது. சீன ஓவியம் கற்கிற பிள்ளை முதலில் எழுத்தில்தான் கை பழக வேண்டும். மூங்கில் இலை என்பது எழுத்தின் ஒரு இழுப்பு. இந்தப் பலகைகள் அந்தப் பாடத்தின் திறந்த புத்தகம்.

தெற்கே ஹூக்ளிக் கரையில் பஜ்பஜ் தாண்டி அச்சிப்பூர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் நிலம் பெற்றுக் கரும்பாலை வைத்த தோங் அச்சூ என்பவரின் பெயரில் உண்டான ஊர். ஆற்றோரத்தில் செக்கச்சிவந்த குதிரைலாட வடிவச் சமாதி. சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனக் குடும்பங்கள் அங்கே கும்பிட வருகின்றன. அந்த நாள்களில் டிரெட்டாவிலும் இன்னொரு சீனர் பகுதியான தாங்க்ராவிலும் வீட்டு நிலைகளில் சிவப்புத் தாளில் கருமையால் எழுதிய வாழ்த்து வரிகளைப் பார்க்கலாம். தோல் பதனிடுவதும் செருப்புத் தைப்பதும் பல் கட்டுவதும் தச்சு வேலையும் இந்தச் சமூகத்தின் தொழில்கள். குயவர்கள் யாரும் வந்ததாகத் தெரியவில்லை. ஆக, தூரிகை மண்ணைச் சந்திக்கிற இடம் சீனர் தெருவிலும் கிடைக்காது.

அது கிடைப்பது வடக்கே, சிலை செய்கிறவர்கள் வாழும் குமார்த்துலியில்; அதுவும் சீனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல். துர்க்கை சிலைகள் சுடாத மண். வைக்கோல் கட்டின்மேல் களியும் வண்டலும் பூசி, காய்ந்ததும் புளியங்கொட்டைப் பசை கலந்த சுண்ணாம்புப் பொடியை வெள்ளையடித்து, அதன்மேல் நிறம். பச்சை மண்ணின் தாகம் இங்கேயும் அதேதான். அந்தத் தாகத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான் பசை. கடைசியில் கண் எழுதுவது. முகத்தின் வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரிகையை மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கம் ஒரே வீச்சில் கொண்டுபோவார்கள். நடுங்கினால் அம்மன் முகம் கெட்டது. மகாளயத்தன்று காலையில் இதைப் பார்க்கக் கேமராவோடு கூட்டம் முண்டியடிக்கும். கலைஞருக்குக் கைமுட்டியை அசைக்க இடம் இருக்குமா என்பது சந்தேகம். கண்ணுக்குப் போகும் முன்னால் தேவிக்குப் பின்னே நிற்கும் அரைவட்டச் சால்சித்திரத்தை எழுதுவதைப் பார்த்தால் கூட்டமும் இல்லை, பாடமும் அதிகம்.

துர்க்கா பூஜை முடிந்து வரும் பௌர்ணமிக்குக் கோஜாகரி லட்சுமி பூஜை. அதற்குச் சில நாள் முன்பு கடைத்தெருவில் சரா விற்பனைக்கு வரும். பானை மூடிபோலச் சற்றே குழிந்த சுட்ட மண்தட்டு. அதன் குவிந்த முதுகில் வெள்ளை பூசி, லட்சுமி, ஆந்தை, தோழிகள், கீழே ஒரு படகு. டாக்கா சரா, ஃபரீத்பூர் சரா, சுரேஷ்வரி சரா என்று கிழக்கு வங்காளத்து ஊர்ப்பெயர்களை வைத்தே வகை சொல்கிறார்கள். பிரிவினைக்குப் பின் எல்லை தாண்டி வந்த குடும்பங்களோடு வந்தவை இவை. நாதியா மாவட்டத்துத் தாஹேர்பூரில் இப்போது நிறையச் செய்கிறார்கள். சராவை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் விஷயம் புரியும். புடவை விளிம்பு ஒரே கோடு, வளைந்த தரைமேல் தட்டைத் திருப்பிக்கொண்டே இழுத்தது. கோடு தொடங்கும் இடத்தில் பருத்து முடியும் இடத்தில் மயிரிழை ஆகியிருக்கும். எழுதியவரின் தூரிகை தாதுநிறத்தில் தோய்ந்து, தட்டு சூளைக்கு மறுபடி போயிருந்தால் அது சிஸோ கிண்ணத்துக்குத் தங்கை. ஆனால் சரா மறுபடி சூளைக்குப் போவதில்லை. பூஜை முடிந்தால் வீட்டில் கொஞ்ச காலம், பிறகு ஆற்றில். வங்காளத்தில் எழுதிய மண் நிலைத்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தேநீர் குடித்த பாண்டத்தையே சாலையோரம் வீசி உடைக்கிற ஊர்.

தூரிகையும் சூளையும் கடைசியில் சந்தித்த இடத்துக்கு ஹௌராவிலிருந்து ரயில் ஏற வேண்டும். காலைச் சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸ் மதியச் சாப்பாட்டு வேளைக்குப் போல்பூரில் இறக்கிவிடும். சாந்திநிகேதனில் ரவீந்திரநாத் நிறுவிய விஸ்வபாரதிக்கு வார விடுமுறை புதன்கிழமை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அவனீந்திரநாத்தின் மாணவரான ஓவியர் நந்தலால் போஸ் இல்லாமல் இந்தக் கதையின் இரண்டாம் பாதி இல்லை. ஜோராசாங்கோவில் ரவீந்திரநாத் தொடங்கிய விசித்ரா கூடத்தில் 1916 முதல் 1918 வரை இருந்த ஜப்பானிய ஓவியர் அராய் கம்போவிடம் அவர் மைத் தூரிகை பிடிக்கக் கற்றார். 1924-ல் ரவீந்திரநாத் சீனா போனபோது கூடப் போனார். ஏப்ரல் 12-ல் ஷாங்காயில் இறங்கி, பெய்ஜிங் வரை போய், ஓவியர்களைச் சந்தித்து, பிறகு ஜப்பானும் போய்த் திரும்பினார். இரவல் வழியாக வந்த ஈரத்துக்குப் பதில் மூலத்தின் கோட்டையே பார்த்துவிட்டு வந்த முதல் ஆள் என்று அவரைச் சொல்லலாம். அப்புறம் அவர் எழுதிய அஞ்சலட்டைகளில் வாஷ் மூட்டம் கலைந்துவிட்டது. ஆடு, பனைமரம், மழையில் போகிறவன். ஐந்தாறு இழுப்பு, தீர்ந்தது. மாணவர்களுக்குக் கடிதம் போடுகிற சாக்கில் வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளினார்.

1937 ஏப்ரல் 14-ல் சீன அறிஞர் தான் யுன்ஷான் பொறுப்பில் சாந்திநிகேதனில் சீன பவனம் திறந்தது. 1939-ன் கடைசியில் சீன ஓவியர் ஷூ பெய்ஹோங் வந்து சேர்ந்தார். குதிரைகளுக்குப் பேர்போனவர், மை வேகத்தில் பிடரி பறக்க ஓடும் குதிரைகளை இங்கேயும் டார்ஜிலிங்கிலும் வரைந்தார். மலையைப் பெயர்க்கத் துணிந்த கிழவனைப் பற்றிய சீனக் கதையை 1940-ல் பெரிய மை ஓவியமாக்கியபோது அவர் முன்னால் நின்ற மாதிரிகளில் சாந்திநிகேதன் ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆண்டே கல்கத்தாவில் அவர் படங்களின் கண்காட்சி நடந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எதிர்த்திசையில் போனவர்களில் ஒருவர் தமிழ்க் குடும்பத்துப் பெண். சென்னையில் பிறந்து சாந்திநிகேதனில் படித்த ஜயா அப்பாசாமி, 1940-களின் பின்பகுதியில் உதவித்தொகை பெற்றுச் சீனா போய் அங்கத்திய ஓவியம் பயின்றார். அவனீந்திரநாத் பற்றி 1968-ல் அவர் எழுதிய நூல் இன்றும் மாணவர்களுக்குக் கைகொடுக்கிறது. அவனீந்திரநாத்தின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-ல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைவராக வந்ததும், எழும்பூர்ப் பக்கத்துக்கு வாஷ் வந்து சேர்ந்ததும் இதே மரத்தின் இன்னொரு கிளை.

நந்தலாலின் மாணவர் வினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே பார்வை கோளாறு. ஒரு கண் அநேகமாக இல்லை. 1937-ல் ஜப்பான் போய் வந்த பிறகு அவர் கோடு எழுத்துபோல ஆகிவிட்டது. சாந்திநிகேதனின் இந்தி பவனத்தில் 1946-47-ல் மத்தியகாலச் சாதுக்களின் வாழ்வை மூன்று சுவர்களில் எழுதினார். ஈரச் சுண்ணாம்பின்மேல் நேராக, முழு அளவு முன்வரைவு வைத்துக்கொள்ளாமல். பச்சை ஷுவான் தாள், பச்சைப் பீங்கான் மண் ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய மூன்றாவது தரை இது. ஈரம் இருக்கும் சில மணி நேரத்துக்குள் சுவர் நிறத்தைக் குடித்துக்கொள்ளும். பிறகு திருத்தம் கிடையாது. அந்தச் சுவர்களுக்குள் மனிதக் கூட்டம் ஆறுபோல நெளிந்து போவதைப் பார்க்கிறவர்களுக்குச் சீனச் சுருள் ஓவியம் ஒன்றைச் சுவரில் விரித்த உணர்வு வரும்.

1956-57 வாக்கில் அறுவை சிகிச்சை ஒன்றுக்குப் பின் பார்வை முழுவதும் போயிற்று. அவர் விடவில்லை. தாளை மடித்தும் கத்தரித்தும் ஒட்டினார், களிமண்ணைத் தொட்டு உருவம் பிடித்தார், கை நினைவில் கோடு போட்டார். 1972-ல் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலா பவனத்தின் சுவர் ஒன்றுக்குப் பீங்கான் ஓட்டுச் சுவரோவியம் திட்டமிட்டார். கண் தெரியாதவர் வடிவம் சொல்ல, கண் தெரிந்தவர்கள் ஓடு பதித்தார்கள். அவர் மாணவரான சத்யஜித் ராய் அதே ஆண்டு எடுத்த 'தி இன்னர் ஐ' குறும்படம் இந்த வேலையைக் காட்டுகிறது. தூரிகை எழுத்தில் ராய்க்கு இருந்த தேர்ச்சி, அவர் தன் படங்களுக்கு எழுதிய தலைப்புகளில் தெரியும். அதற்கு விதை போட்டவர்களில் வினோத் பிஹாரி ஒருவர்.

கலா பவனத்தின் வடிவமைப்புத் துறைக் கட்டடம் வெளிப்புறம் முழுக்கக் கருப்பு வெள்ளை. பறவையும் குரங்கும் பெண்ணும் இலையும் கருப்புத் தூரிகையால் வெள்ளைச் சுவரில். எழுதியவர் கே.ஜி. சுப்ரமணியன், கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1924-ல் பிறந்த தமிழர், மாநிலக் கல்லூரி மாணவராக இருந்து 1942 போராட்டத்தில் சிறை போனவர், 1944-ல் இங்கே நந்தலாலிடமும் வினோத் பிஹாரியிடமும் படிக்க வந்தவர். மண்ணும் தூரிகையும் ஒரே கைக்குள் வந்தது அவரிடம்தான். 1963-ல் லக்னோ ரவீந்திராலயத்தின் முகப்புக்கு, தாகூர் நாடகம் ஒன்றை வைத்து, 81 அடி நீளத்தில் சுடுமண் ஓடுகளால் சுவரோவியம் செய்தார். பிறகு ஆண்டுக்கணக்கில் சுடுமண் பலகைகள்: களிமண்ணைத் தகடாகத் தட்டி, கிழித்து, மடித்து, விரலால் அமுக்கி முகமும் கையும் கொண்டுவருவார். அவற்றைப் பார்க்கும்போது மை ஓவியரின் வேகம் விரல்களுக்கு வந்துவிட்டது தெரியும். மண் காய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடுவும் அதேதான். கருப்பு வெள்ளைச் சுவர் மழையிலும் வெயிலிலும் மங்கியபோது 2009-ல், எண்பத்தைந்து வயதில், சாரம் கட்டி ஏறி அதை மறுபடி எழுதினார். பழைய உருவங்களை நகல் எடுக்கவில்லை, புதிதாகவே போட்டார்.